திருட்டுப் படம்: விசிடி காலத்துக் கணக்கு இப்போது செல்லாது

பர்மா பஜாரில் திருட்டு விசிடி விற்ற காலத்தில் மாட்டியது பெரும்பாலும் விற்றவர்தான். 2004-ல் வீடியோ திருட்டைத் தமிழ்நாட்டின் குண்டர் சட்டத்துக்குள் கொண்டுவந்தபோதும் குறி அவர்கள்மீதுதான். வாங்கியவருக்கு வந்த பெரிய கஷ்டம், தட்டு பாதியில் சிக்கி நின்றது. அதே தைரியத்தில்தான் இன்றும் பலர் லிங்க்கைத் தட்டுகிறார்கள். நடுவே டோரன்ட் வந்தது, டெலிகிராம் வந்தது. இப்போது படம் செயலியாகவும் பெட்டியாகவும்கூட வருகிறது.

அதிகம் நடக்கும் தவறு, கோப்பின் அளவைப் பார்க்காமல் திறப்பது. நொடிக்கு 2 மெகாபிட் வேகத்தில் பதிவான இரண்டரை மணி நேரப் படம் சுமார் 2.25 ஜிபி வரும். ‘புதுப்படம் எச்டி’ என்ற பெயரில் 40 எம்பி கோப்பு வந்தால், நொடிக்கு 36 கிலோபிட்கூடத் தேறாது. படத்தை விடுங்கள், அதில் பாட்டுகூட ஒழுங்காகக் கேட்காது. ஆக, உள்ளே இருப்பது வேறு ஏதோ. விண்டோஸ் கோப்பு வகையின் பின்னொட்டை இயல்பாகவே மறைத்து வைப்பதால் ‘படம்.எம்பி4.இஎக்ஸ்இ’ வெறும் ‘படம்.எம்பி4’ என்றே தெரியும். ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் வியூ, ஷோ, ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ் என்று போய் அதைத் தெரியும்படி வைக்கலாம். ஆனால் ஷார்ட்கட் கோப்பு அப்போதும் தன் பின்னொட்டைக் காட்டாது. அதனால் ‘டைப்’ என்ற பத்தியில் என்ன எழுதியிருக்கிறது என்றும் பார்க்க வேண்டும். பாஸ்வேர்டு போட்ட ரார் கோப்பும், ‘கோடெக் (வீடியோவை ஓட்டும் துணை மென்பொருள்) நிறுவினால்தான் ஓடும்’ என்ற அறிவிப்பும் இதே குடும்பம்தான்.

கைபேசியில் இதன் வடிவம் ஏபிகே, அதாவது ஆண்ட்ராய்டு செயலியை நிறுவும் கோப்பு. படம் பார்க்கும் செயலிக்கு எஸ்எம்எஸ் படிக்கும் அனுமதி எதற்கு? ஓடிபிக்குத்தான். அதைவிட ஆபத்தானது ‘அக்சஸிபிலிட்டி’ அனுமதி. பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்குத் திரையைப் படித்துக்காட்டும் செயலிகளுக்காக உருவான வசதி அது. அதைக் கொடுத்துவிட்டால் திரையில் வருவதைச் செயலியே படிக்கும், உங்களுக்குப் பதிலாகப் பொத்தானையும் அழுத்தும். நீக்கப் போனால் அந்தப் பக்கத்தையே மூடிவிடும்.

நிறுவிவிட்டோம் என்று தெரிந்த பிறகு செய்யும் தவறு இன்னும் பெரியது: அதே கைபேசியிலேயே வங்கிச் செயலியைத் திறந்து பாஸ்வேர்டை மாற்றுவது. புதிய பாஸ்வேர்டும் அப்படியே போய்ச் சேரும். முதலில் ஏரோப்ளேன் மோடு போட்டு, வைஃபையும் அணைந்ததா என்று பாருங்கள். வேறொரு கைபேசியிலிருந்து வங்கிக்குச் சொல்லுங்கள். பணம் போயிருந்தால் உடனே சைபர் மோசடிப் புகாருக்கான 1930-ஐ அழையுங்கள். பிறகு, நாமாக நிறுவிய செயலிகள் ஓடாத சேஃப் மோடில் கைபேசியைத் திறந்து, அக்சஸிபிலிட்டியிலும் டிவைஸ் அட்மின் பட்டியலிலும் அந்தச் செயலியை அணைத்துவிட்டு நீக்கவும். அப்போதும் செயலி நீங்காவிட்டால் ஃபேக்டரி ரீசெட். பாஸ்வேர்டு மாற்றுவதை வேறு கருவியில் செய்யுங்கள்.

“நான் டவுன்லோடுதானே செய்தேன்” என்பது டோரன்ட்டுக்குப் பொருந்தாத வாதம். முழுக் கோப்பு வந்து சேருமுன்பே, கைக்கு வந்த துண்டுகளை உங்கள் கணினி மற்றவர்களுக்கு அனுப்பத் தொடங்கிவிடும். முடிந்த பிறகும் செயலியை மூடும்வரை அனுப்பும். அதாவது நீங்களும் விநியோகஸ்தர். அந்தக் கோப்பைப் பகிரும் கூட்டத்தில் யார் சேர்ந்தாலும் உங்கள் இணைய இணைப்பின் அடையாளமான ஐபி முகவரியைப் பார்க்கலாம். ஒவ்வொரு துண்டும் ஹாஷ் என்ற கைரேகை போன்ற எண்ணை வைத்துச் சரிபார்க்கப்படுவதால் கோப்பு பாதுகாப்பானது என்று நினைப்பதும் தவறு. ஏற்றியவர் வைத்தது வைரஸ் என்றால், வைரஸ் பழுதில்லாமல் வந்து சேரும், அவ்வளவுதான்.

டெலிகிராமில் 2 ஜிபி வரை ஒரே கோப்பாக அனுப்பலாம் என்பதால் கூட்டம் அங்கே போனது. அங்கே முகம் தெரியாது என்றும் நம்பியது, ஆனால் அது நிலைக்கவில்லை. பயிற்சிப் பாடங்களைத் திருட்டுத்தனமாகப் பகிர்ந்த சேனல்கள் குறித்த வழக்கில், அவற்றை நடத்தியவர்களின் தொலைபேசி எண், ஐபி விவரங்களைத் தரும்படி டெல்லி உயர் நீதிமன்றம் 2022 ஆகஸ்டில் உத்தரவிட்டது; டெலிகிராமும் தந்தது. பார்வையாளருக்கு அங்கே காத்திருக்கும் பொறி வேறு. ‘18 வயது சரிபார்ப்பு’ என்று சொல்லி, டெலிகிராம் உங்களுக்கு அனுப்பும் உள்நுழைவு எண்ணைக் கேட்கும் போலிப் பக்கம் அது. எண்ணைக் கொடுத்தால் கணக்கு கைமாறிவிடும். டூ-ஸ்டெப் வெரிஃபிகேஷன் என்ற கூடுதல் பாஸ்வேர்டு போட்டிருந்தால் அந்த எண் மட்டும் போதாது.

திரையரங்கில் அறிமுகக் காட்சியை எடுத்து ஸ்டேட்டஸ் வைப்பதைப் பலர் விளம்பரச் சேவை என்றே நினைக்கிறார்கள். 2023-ல் திருத்தப்பட்ட ஒளிப்பதிவுச் சட்டம் முழுப்படம் என்று மட்டும் சொல்லவில்லை, படத்தின் ஒரு பகுதியைத் திருட்டுப் பிரதி எடுப்பதையும் சேர்த்தே சொல்கிறது. குறைந்தது 3 மாதம், அதிகபட்சம் 3 ஆண்டு சிறை. அபராதம் 3 லட்சம் ரூபாயில் தொடங்கி, படத்தின் கணக்குத் தணிக்கை செய்யப்பட்ட மொத்தத் தயாரிப்புச் செலவில் 5 சதவீதம் வரை போகலாம். எங்கே எடுத்தது என்று கண்டுபிடிப்பதும் கஷ்டமில்லை. ஹாலிவுட் நிறுவனங்கள் வகுத்த டிசிஐ என்ற டிஜிட்டல் திரையிடல் தரத்தில் இயங்கும் கருவி, கண்ணுக்குத் தெரியாத 35 பிட் குறியீட்டைப் படத்தில் பதிக்கிறது. அதில் 16 பிட் நேரத்துக்கு, 19 பிட் இடத்துக்கு. 5 நிமிடப் பகுதி ஒவ்வொன்றிலும் முழுக் குறியீடும் இருக்க வேண்டும் என்பது விதி.

‘ஒருமுறை காசு கொடுத்தால் எல்லாச் சேனலும்’ என்று விற்கும் ஆண்ட்ராய்டு பெட்டிகள் அண்மைக்கால வரவு. பேட்பாக்ஸ் 2.0 என்ற தீம்பொருள் விற்கும் முன்பே ஏற்றப்பட்ட பெட்டிகளைப் பற்றி அமெரிக்காவின் எஃப்பிஐ 2025 ஜூனில் எச்சரித்தது. இவை உங்கள் வீட்டு இணைய இணைப்பை வாடகைக்கு விடுகின்றன: யாரோ செய்யும் மோசடி உங்கள் ஐபி முகவரியிலிருந்து வெளியே போகும். பெட்டியில் பிளே ஸ்டோரைத் திறந்து, செட்டிங்ஸில் ‘அபவுட்’ பகுதியில் ‘சர்டிஃபைட்’ என்று இருக்கிறதா என்று பாருங்கள். பிளே ஸ்டோரே இல்லாமல் வேறு ஏதோ கடை இருந்தாலோ, கூகுளின் தீம்பொருள் சோதனையான பிளே புரொடெக்டை அணைக்கச் சொன்னாலோ, ஃபேக்டரி ரீசெட்டில் நேரத்தை வீணாக்க வேண்டாம். தீம்பொருள் கருவியின் அடிப்படை மென்பொருளிலேயே இருந்தால் ரீசெட்டுக்குப் பிறகும் அது அங்கேயே இருக்கும். வைஃபை பாஸ்வேர்டை மாற்றிவிட்டு, பெட்டியின் பிளக்கைப் பிடுங்கி வையுங்கள்.