பொடுகைப் போக்கிய பொடுதலை

வாசல் புல்தரையில் படர்ந்திருந்த பொடுதலையைக் களை என்று பிடுங்கிக்கொண்டிருந்தேன். “அதை விடுடி, உன் தலைக்கு ஆகும்” என்று தடுத்தார் அத்தை. அப்போது எனக்குப் பொடுகு அதிகம். கறுப்புத் துணி உடுத்தவே தயங்குவேன்.

சரி என்று இரண்டு கைப்பிடி இலையைக் கழுவி, தண்ணீர் தெளித்து அரைத்துப் பிழிந்தேன். சாற்றுக்குச் சம அளவு நல்லெண்ணெய் சேர்த்துச் சிறுதீயில் வைத்தேன். முதல் தடவை அவசரப்பட்டு இறக்கியதில், நான்கே நாளில் எண்ணெய் வாடை அடித்துவிட்டது. அடுத்த முறை சலசலப்பு அடங்கி, கசடு மெழுகுபோல் திரளும்வரை காத்திருந்தேன். அந்த எண்ணெயில் திரியை நனைத்துக் கொளுத்தினால் படபடவென்று வெடிக்கக்கூடாது. அதுதான் பக்குவம்.

வாரம் இரண்டு முறை தேய்த்து, அரைமணி கழித்துச் சீயக்காய் போட்டுக் குளித்தேன். ஒன்றரை மாதத்தில் செதில் உதிர்வது நின்றது. தலையில் புண் இருந்தால் மட்டும் முதலில் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

அப்புறம் அந்தப் பூ! குனிந்து பார்த்தால்தான் அழகு தெரியும். திப்பிலி போன்ற குட்டிக் கதிர், நடுவில் கருஊதா, சுற்றிலும் வளையமாக வெள்ளைப் பூக்கள். காலை வெயிலில் சின்னப் பட்டாம்பூச்சிகள் அதிலேயே கிடக்கின்றன.