தென்னை நார்க்கழிவில் ஸ்ட்ராபெரி: நுனி கருகல் நின்ற கதை

கோத்தகிரியில் பசுமைக்குடிலில் தொட்டி ஸ்ட்ராபெரி வளர்க்கிறேன். இறக்குமதி பீட் (சதுப்புநிலத் தாவர மக்கு) விலை கட்டுப்படியாகாமல் பொள்ளாச்சி நார்க்கழிவுக் கட்டிகளுக்கு மாறினேன். கொஞ்ச நாளில் இளந்துளிர்களின் நுனி கருகிச் சுருண்டது. முதிர்ந்த இலைகள் பச்சையாகவே இருந்தன.

பூஞ்சை என்று மருந்தடித்தேன், பலனில்லை. தண்ணீரைக் கூட்டியதில் வேர்தான் மூச்சுத் திணறியது. உப்போ என்று ஈசி மீட்டரில் (நீரில் கரைந்த உப்பை மின்கடத்தல் மூலம் காட்டும் கருவி) பார்த்தால், தண்ணீர் விட்டு அலசிய கழிவின் வடிநீர் 0.5 mS/cm-க்கும் கீழே, அதாவது உப்பு குறைவு. அப்புறம் போட்ட உரம் ஏன் செடிக்கு ஏறவில்லை?

விடை வடிநீரிலேயே இருந்தது. கால்சியம் நைட்ரேட் கரைசல் ஊற்றியபோது, ஊற்றியதைவிட வடிந்த நீரில் பொட்டாசியமும் சோடியமும் அதிகம், கால்சியம் குறைவு. நார்க்கழிவு இந்த இரண்டையும் இறுகப் பிடித்து வைத்திருக்கும். வெறும் தண்ணீருக்கு அவை அசையாது. கால்சியம் வந்தால் அதைப் பிடித்துக்கொண்டு இவற்றை விடும். அதனால்தான் துளிருக்குக் கால்சியம் போய்ச் சேராமல் நுனி கருகியது. மீட்டர் எண்ணை மட்டும் பார்ப்பவருக்கு இது தெரியவே தெரியாது.

சரியான வழி: கட்டியை நடும் முன்பே லிட்டருக்கு 10 கிராம் கால்சியம் நைட்ரேட் கலந்த நீரில் ஒரு நாள் ஊறவைத்து, வடித்து, நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலச வேண்டும். புதுத் தொட்டிகளில் அப்படியே செய்தேன். அடுத்து வந்த துளிர்கள் நுனி வரை பச்சை. அப்பாடா என்றிருந்தது. பழைய தொட்டிகளைக் காப்பாற்ற முடியவில்லை, கழிவை மாற்றிவிட்டேன்.