நிலா கிரகத்தை மறைக்கும் நாளில் நம்ம குமரியில் இருந்து பார்க்க

நிலா வெள்ளியையோ வியாழனையோ மறைக்கப்போகிறது என்று செய்தி வந்தால், அதில் போட்டிருக்கும் நேரத்தை நம்பி மொட்டை மாடிக்கு ஏறிவிடாதீர்கள். நிலா நமக்குப் பக்கம், ஏறக்குறைய 3,84,000 கிலோமீட்டர்தான். கிரகமோ கோடிக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. அதனால் பார்க்கும் ஊர் மாறினால் வானத்தில் நிலா நிற்கும் இடமும் கொஞ்சம் நகர்ந்துவிடும். சென்னைக்குச் சொன்ன நேரம் நாகர்கோவிலில் பல நிமிடம் பிசகலாம், சில தடவை அங்கே மறையும் கிரகம் இங்கே நிலாவை உரசாமலே போய்விடும். வானத்தை அப்படியே திரையில் காட்டும் ஸ்டெல்லேரியம் ஆப்பில் நம்ம ஊரை வைத்து நேரத்தை நகர்த்திப் பாருங்கள், போதும். வெளிநாட்டுப் பட்டியல் என்றால் உலக நேரத்தோடு ஐந்தரை மணி கூட்ட வேண்டும், தேதியும் மாறும்: 2024 ஜூலை 24 என்று போட்டிருந்த சனி மறைப்பு இந்தியாவில் 25 அதிகாலை.

அப்புறம், எந்த ஓரத்தைப் பார்ப்பது? நட்சத்திரங்களுக்கு நடுவே நிலா மணிக்குத் தன் அகலம் அளவு கிழக்கே நகர்கிறது. வளர்பிறையில் இருண்ட ஓரம் முன்னால் போவதால் கிரகம் அங்கே மறைந்து வெளிச்ச ஓரத்தில் வெளிவரும், தேய்பிறையில் தலைகீழ். எனக்கு வளர்பிறைதான் பிடிக்கும், கண் கூசாது. இன்னொன்று, நாம் இருப்பது நிலநடுக்கோட்டுக்கு 8 டிகிரி வடக்கேதான், அதனால் அந்திப் பிறை தோணி போல மல்லாந்து கிடக்கும். ஐரோப்பியப் படத்தில் இடது ஓரம் என்று காட்டியது நமக்கு ஏறக்குறைய மேல் ஓரம்.

வெள்ளி, வியாழனுக்கு வெறும் கண்ணே போதும். சனிக்குச் சின்ன டெலஸ்கோப் வேண்டும். நட்சத்திரம் என்றால் சட்டென்று அணைந்துவிடும், வியாழனின் வட்டு முழுதாக மறைய ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகும், பைனாகுலரை மதில்மேல் ஊன்றிப் பிடித்தால் ஒளி மெல்லக் குறைவது தெரியும்.

நிலா தாழ இருந்தால்தான் இடம் தேட வேண்டும்: அந்திக்கு முட்டம், சொத்தவிளை, விடியலுக்கு வட்டக்கோட்டைப் பக்கம். உயரத்தில் இருந்தால் தென்னை மறைக்காத மாடியே போதும். ஆரல்வாய்மொழிப் பக்கம் காற்று டெலஸ்கோப் ஸ்டாண்டை ஆட்டும், மணல் நிரப்பிய பையை நடுவில் கட்டித் தொங்கவிடுங்கள். கடலோரத்தில் லென்ஸில் உப்புப் பிசுக்கு படியும், வேட்டி முனையால் தேய்த்தால் கீறல்தான். கிரகம் திரும்பி வர ஒரு மணி நேரம்கூட ஆகலாம், சாயா குடிக்கப் போகிறவர்கள் ஐந்து நிமிடம் முன்பே வந்துவிடுங்கள்.