மினி ஏலத்துக்கு முன் சிஎஸ்கே கணக்கை நோட்டில் போடுவது எப்படி?

ஐபிஎல் முடிந்தாலும் சேலத்தில் பேச்சு ஓய்வதில்லை. பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் தட்டுவடை செட் சாப்பிடுகிற இடத்தில்கூட, "அவனை விட்டுட்டு இவனை எடுத்திருக்கணும்" என்று யாராவது ஆரம்பித்துவிடுவார்கள். இந்தச் சண்டையில் பாதி, பணமும் இடமும் எவ்வளவு மிச்சம் என்று தெரியாமல் வருவது. ஒரு நோட்டு போட்டால் தீர்ந்துவிடும்.

ஒரு பக்கத்தில் நான்கு பத்தி போடுங்கள்: வீரர் பெயர், சம்பளம், இந்தியரா வெளிநாட்டவரா, எப்படி அணிக்கு வந்தார். கடைசிப் பத்தியைப் பலரும் விட்டுவிடுவார்கள், ஆனால் பின்னால் உதவுவது அதுதான். பக்கத்தின் தலையில் மூன்று எண்கள் பெரிதாக இருக்கட்டும்: மீதிப் பணம், காலி இடம், காலியான வெளிநாட்டு இடம். ஒரு அணியில் குறைந்தது 18 பேர், அதிகபட்சம் 25 பேர். அதில் வெளிநாட்டவர் 8 பேருக்கு மேல் கூடாது. 2026 சீசனுக்கு ஒவ்வொரு அணியின் பர்ஸும் (வீரர்களுக்குச் செலவழிக்கக்கூடிய மொத்தத் தொகை) 125 கோடி.

சம்பளங்களை நீங்களே கூட்டிக் கழித்தால் அறிவித்த மீதித் தொகையோடு ஒத்துப்போகாமல் இருக்கலாம். டிரேடில் (அணிகள் தங்களுக்குள் வீரர்களை மாற்றிக்கொள்வதில்) சம்பளம் மாறுவதுண்டு. 2025 நவம்பரில் சஞ்சு சாம்சன் 18 கோடியோடு சென்னைக்கு வந்தார். ஜடேஜா 18-லிருந்து 14 கோடிக்கு இறங்கி ராஜஸ்தானுக்குப் போனார், கூடவே 2.40 கோடிக்கு சாம் கரன். ஆகவே யாரை வைத்துக்கொள்வது, யாரை விடுவது என்று அணிகள் சொல்ல வேண்டிய ரிடென்ஷன் கெடு (போன முறை நவம்பர் 15) முடிந்ததும் ஐபிஎல் வெளியிடும் தொகையையே எழுதிக்கொள்ளுங்கள். ஏல மேஜையில் செல்லுபடியாவது அதுதான்.

அன்று சிஎஸ்கேவுக்கு வந்த மூன்று எண்கள்: 43.40 கோடி, 9 இடம், 4 வெளிநாட்டு இடம். இனி ஒவ்வொரு வாங்கலுக்கும் மூன்றையும் குறைத்துக்கொண்டே வர வேண்டும். 2025 டிசம்பர் 16 அபுதாபி ஏலத்தில் பிரசாந்த் வீருக்கு 14.20, கார்த்திக் சர்மாவுக்கு 14.20, அகீல் ஹொசைனுக்கு 2 கோடி. மூவருக்கும் 30.40 போனால் மிச்சம் 13 கோடி, 6 இடம், 3 வெளிநாடு. ராகுல் சாஹருக்கு 5.20 போக 7.80 கோடிக்கு 5 இடம். மாட் ஹென்றி 2, மாத்யூ ஷார்ட் 1.50, சர்ஃபராஸ் கான் 75 லட்சம், ஜாக் ஃபோக்ஸ் 75 லட்சம், அமன் கான் 40 லட்சம். முடிவில் 2.40 கோடி மிச்சம், இடமோ ஒன்றுகூட இல்லை. "ரெண்டரை கோடி கிட்ட வெச்சுக்கிட்டு சும்மா உட்கார்ந்திருந்தாங்க" என்பவருக்கு இந்தப் பக்கத்தைக் காட்டினால் போதும். 26-வது ஆளை எடுக்க விதியே இல்லை.

அடுத்து, ஒரே ஆளுக்கு எவ்வளவு தூரம் ஏறலாம் என்பது. குறைந்தபட்ச அடிப்படை விலை 30 லட்சம். 9 இடத்தையும் நிரப்ப நினைத்தால் முதல் ஆளை எடுக்கும்போதே மற்ற 8 பேருக்கு 2.40 கோடி ஒதுக்க வேண்டும். உச்சவரம்பு 41 கோடி. அடிப்படை விலைக்கு நல்ல ஆள் கிடைப்பது அபூர்வம் என்பதால், இடத்துக்கு 75 லட்சமாவது ஒதுக்கிப் பார்ப்பது நடைமுறைக்கு நெருக்கம்.

அதிகம் சறுக்குவது ஆர்டிஎம் (ஏலத்தில் போன விலையைக் கொடுத்து தன் பழைய வீரரைத் திரும்ப எடுக்கும் உரிமை) விஷயத்தில். "ரிலீஸ் பண்ணிட்டு ஆர்டிஎம்ல திரும்ப எடுத்துக்கலாம்" என்பது, அணிகள் பெரும்பாலும் புதிதாக அமையும் மெகா ஏலத்துக்குத்தான். மினி ஏலத்தில் அந்தச் சலுகை கிடையாது. விட்டால் விட்டதுதான், திரும்ப வேண்டுமென்றால் மற்றவர்களோடு போட்டி போட வேண்டும். 13 கோடிக்கு இருந்த பத்திரனாவை விட்டோம், கொல்கத்தா 18 கோடிக்குக் கொண்டுபோனது. 4 கோடிக்கு விட்ட ரச்சின் ரவீந்திராவை அதே கொல்கத்தா 2 கோடிக்கு எடுத்தது. ரிலீஸ் ஒரு சூதாட்டம், இரண்டு பக்கமும் விழும்.

வெளிநாட்டு வீரர் விலையிலும் ஒரு குழப்பம் உண்டு. மினி ஏலத்தில் அவர்கள் கைக்குப் போவதற்கு 18 கோடி என்று வரம்பு இருந்தது. கேமரூன் கிரீனை கொல்கத்தா 25.20 கோடிக்கு எடுத்தபோது அவருக்கு 18 கோடிதான், மீதி வீரர்கள் நலனுக்காக பிசிசிஐயிடம் போகும். ஆனால் கொல்கத்தாவின் பர்ஸில் கழிவது முழு 25.20. நோட்டில் 18 என்று எழுதிவிட்டால் அந்த அணியின் கணக்கு 7.20 கோடி தப்பாகப் போகும்.

இப்போது அந்த நான்காவது பத்தி. சீசன் நடுவில் காயத்துக்கு மாற்றாக வருபவருக்கு, காயமடைந்தவரின் சம்பளத்துக்கு மேல் தர முடியாது. 2025-ல் குர்ஜப்னீத் சிங்குக்கு 2.20 கோடி, அவருக்குப் பதில் வந்த டெவால்ட் பிரேவிஸுக்கும் 2.20. அப்போது அணியில் வெளிநாட்டவர் 7 பேர்தான் இருந்ததால் எட்டாவது ஆளாக அவர் நுழைய முடிந்தது. அடுத்த வருடம் இருவரையும் வைத்துக்கொண்டதால் இரண்டு சம்பளமும் பர்ஸில் ஏறின. "மாற்று" என்று குறித்து வைக்காதவர்கள் இங்கே ஒருவரை மறந்துவிடுவார்கள்.

ஏல நாளில் டிவி முன் உட்காரும்போது (போன முறை நம் நேரப்படி மதியம் இரண்டரைக்கு ஆரம்பம்) சிஎஸ்கேவை மட்டும் எழுதினால் பாதிதான் புரியும். நமக்கு வேண்டிய அதே வகை ஆளைத் தேடும் இன்னும் இரண்டு அணிகளின் மூன்று எண்களையும் ஓரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். எதிராளியிடம் காசு தீர்ந்தது தெரிந்தால், நம் மேஜை ஏன் பொறுமையாகக் காத்திருக்கிறது என்பதும் தெரியும். முதல் சுற்றில் விலைபோகாதவர் பெயரை அடிக்காதீர்கள்; ஒரு புள்ளி வையுங்கள், போதும். சர்ஃபராஸ் அப்படி விலைபோகாமல் கிடந்து பின்னால் வந்தவர்தான். ஏற்காடு மேலே இருந்து போனில் பார்ப்பவர்கள் படம் சுற்றி நிற்கும்போது இரண்டு பெயரை விட்டுவிடுவார்கள்; இரவே ஐபிஎல் தளத்துப் பட்டியலோடு ஒப்பிட்டுவிடுவது நல்லது.

நம்மூர் ஆள் என்பதற்காக டெல்லிக்கும் ஒரு பக்கம் ஒதுக்குபவர்கள் உண்டு. சின்னப்பம்பட்டி நடராஜனை 2024 நவம்பரில் அவர்கள் 10.75 கோடிக்கு எடுத்து, 2026-க்கும் வைத்துக்கொண்டார்கள். டிஎன்பிஎல்லில் சேலம் ஸ்பார்டன்ஸுக்கும் இதே நோட்டு முறை சரிவரும்; 2023 முதல் அங்கேயும் ஏலம்தான். பர்ஸ், இடம், அடிப்படை விலை எல்லாம் வேறு என்பதால் தனிப் பக்கம் போடுங்கள்.

ஏலம் முடிந்ததும் நோட்டை மூடிவிடாதீர்கள். டிரேட் ஜன்னல் மறுபடி திறந்து, சீசனுக்கு ஒரு மாதம் முன்புவரை ஓடும். அந்த ஏலத்தில் வாங்கியவரை அந்த சீசனுக்கு டிரேடில் விட முடியாது. பழைய ஆட்களுக்குத்தான் வாய்ப்பு, அதுவும் வீரரின் சம்மதத்தோடு. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் நாலு வரி காலியாக விட்டு வையுங்கள்.