சரித்திரக் காதல் நாவல் எழுதலாம் வாங்க: ரெண்டு மனக்காயம், 1942, ஒரு செம்பு தண்ணி

சரித்திர நாவல்னு சொன்னாலே நம்மாளுங்க நேரா குதிரை ஏறி தஞ்சாவூருக்குக் கெளம்பிடுறாங்க. சோழ இளவரசி, பல்லவ ஒற்றன், சுரங்கப்பாதை எல்லாம் நல்லாதான் இருக்கு, ஆனா முதல் நாவல் எழுதுறவங்களுக்கு பத்தாம் நூற்றாண்டு ரொம்ப சிரமம், ஏன்னா அன்னைக்கு ஒரு சாதாரண வீட்டுப் பொண்ணு காலையில எந்திரிச்சு என்ன சாப்பிட்டா, மாமியார்கிட்ட எப்படிப் பேசினாங்கறதுக்கு நம்மகிட்ட சாட்சி கம்மி. நம்ம பாட்டி வயசுக்கு வந்த காலமும் சரித்திரம்தானே? அதுக்கு கடுதாசி இருக்கு, பத்திரிகை இருக்கு, போட்டோ இருக்கு, கேட்டா கதை சொல்ற பெருசுங்க கூட இன்னும் சில வீட்டுல இருக்காங்க.

அதனால இந்தப் பதிவு முழுக்க ஒரே ஒரு உதாரணக் கதையை வச்சு போறேன். காயப்பட்ட ரெண்டு பேர், காதல்ல கொஞ்சம் கொஞ்சமா ஆறுறாங்க, இடம் காரைக்குடி பக்கம் ஒரு ஊர், வருஷம் 1942. நீங்க உங்களுக்குத் தெரிஞ்ச வேற காலத்தைப் போட்டுக்கலாம், செய்முறை ஒண்ணுதான்.

படி 1: காலத்தைப் பிடிங்க, அதுவும் மாசத்தோட

"சுதந்திரத்துக்கு முன்னாடி ஒரு காலத்தில்"னு ஆரம்பிக்காதீங்க. நம்ம கதைக்கு 1941 டிசம்பர் 23ன்னு தேதியே இருக்கு, அன்னைக்குத்தான் ரெண்டாம் உலகப்போர்ல பர்மாத் தலைநகர் ரங்கூன் மேல ஜப்பான்காரன் குண்டு போட்டான், ரெண்டு நாள் கழிச்சு கிறிஸ்துமஸ் அன்னைக்கு திரும்பவும் போட்டான். அந்த ஊர்ல அப்போ பாதிக்கு மேல இந்தியர்கள், தமிழ், தெலுங்கு, வங்காளம்னு. கப்பல்ல எடம் கிடைச்சவங்க மெட்ராசுக்கும் கல்கத்தாவுக்கும் வந்துட்டாங்க, கிடைக்காதவங்க நடந்தாங்க. பிரோம்ல இராவதி ஆத்தைத் தாண்டி, அரக்கான் மலை ஏறி, டாங்குப் வரைக்கும் 100 மைலுக்கு மேல நடை, அங்கிருந்து படகுல அக்யாப், பிறகு சிட்டகாங். வழியில தண்ணி இல்லாம, காலரா வந்து பல ஆயிரம் பேர் செத்தாங்க. இன்னொரு கூட்டம் வடக்கே டாமு வழியா மணிப்பூருக்குப் போச்சு, அந்தப் பக்கம் வெள்ளைக்காரங்களுக்கு ஒரு பாதை கறுப்பனுக்கு ஒரு பாதைன்னு அப்பவே பெரிய புகார் கெளம்புச்சு. 1942 மார்ச்ல ரங்கூன் விழுந்துடுச்சு.

இதெல்லாம் கதைக்கு பின்னாடி தொங்குற திரைச்சீலை இல்லைங்க. நம்ம ஹீரோவோட காயம் இந்த ரோட்டுலதான் உண்டாகப் போகுது.

படி 2: காயத்தை மூணு துண்டா எழுதிக்கங்க

"அவன் மனதில் ஆறாத ரணம்" இப்படி எழுதிட்டு அடுத்த எபிக்கு, அதாவது எபிசோடுக்குப் போயிடுறோம், எந்த ரணம், எங்க பட்டுச்சு, பட்டதுக்கப்புறம் அவன் எப்படி மாறினான்னு எழுதுறவங்களுக்கே தெரியாது. நோட்டு எடுத்து மூணு விஷயம் எழுதுங்க: என்ன நடந்துச்சு, அதனால அவன் எதை நம்ப ஆரம்பிச்சான், அது அவன் உடம்புல எப்படித் தெரியுது.

நம்ம மாணிக்கத்துக்கு பாருங்க. ரங்கூன் மொகல் தெருவுல ஒரு செட்டியார் வட்டிக்கடையில அடுத்தாள், அதாவது கடையை நடத்துற ஏஜெண்டுக்கு அடுத்த நிலை ஆள். அவன் தம்பி அதே கடையில பெட்டியடிப் பையன், அதாவது கடைத் தொழில் பழகுற பொடியன், 14 வயசு. ரெண்டு பேரும் டாங்குப் ரோட்டுல நடக்கிறாங்க, தம்பிக்கு காலரா. "தண்ணி கொண்டு வர்றேன், இங்கனயே இரு"ன்னு மரத்தடியில உக்கார வச்சுட்டு போனவன், கூட்டத்துல அடிச்சுட்டுப் போயி திரும்பி வர ரொம்ப நேரமாயிடுது. வந்தப்போ மரத்தடியில தம்பி இல்லை. செத்ததைப் பார்க்கலை, அதுதான் கொடுமை. ஊர்ல ஆத்தாகிட்ட "என் மடியிலதான் உசிரு போச்சு"ன்னு பொய் சொல்லி வச்சிருக்கான்.

அவன் நம்புறது: என்னை நம்பி வந்தவங்க பொழைக்க மாட்டாங்க. உடம்புல தெரியறது: வீட்டுல எந்தப் பாத்திரமும் காலியா இருக்கக் கூடாது, நடு ராத்திரி எந்திரிச்சு கிணத்துல எறைச்சு குடம் செம்பு எல்லாம் ரொப்பி வைப்பான், ஆனா யாராவது குடிக்காம தான் குடிக்க மாட்டான். பாருங்க, இப்போ "ரணம்"ங்கற வார்த்தையே தேவைப்படலை. செம்பு போதும்.

ஒரு சோதனை சொல்றேன். வருஷத்தை ஒரு பத்து வருஷம் தள்ளிப் பாருங்க. கதை அப்படியே ஓடுச்சுன்னா உங்க காயத்துக்கும் சரித்திரத்துக்கும் சம்பந்தம் இல்லைன்னு அர்த்தம், வெறும் பட்டுப்புடவையும் மாட்டு வண்டியும் போட்ட இன்னைய கதைதான் அது.

இன்னொண்ணு, 1942ல யாரும் "ட்ராமா", "டிப்ரஷன்"னு பேச மாட்டாங்க. ஊர் என்ன சொல்லும்? பயந்திருக்கான், காத்து கருப்பு, மந்திரிச்சு விடு, வேப்பிலை அடி. படிச்சவங்க வீடா இருந்தா கீழ்ப்பாக்கம் ஆஸ்பத்திரிப் பேச்சு வரும், குடும்பமே நடுங்கும். இந்த வார்த்தைகளுக்குள்ளயேதான் நீங்க எழுதணும்.

படி 3: ஹீரோயின் நர்ஸ் இல்லை

இதுலதான் எனக்கு ஆன்லைன் நாவல்கள் மேல கோவம். அவன் உடைஞ்சிருப்பான், கத்துவான், தட்டைத் தூக்கி எறிவான், அவ பொறுத்துப் பொறுத்து அவனைச் சரி பண்ணுவா, அவளுக்குன்னு ஒரு தலைவலி கூட இருக்காது. தயவுசெஞ்சு வேண்டாம். அவளுக்கும் அதே அளவு காயம் குடுங்க, அதுவும் அதே சரித்திரத்துல இருந்து.

மீனாட்சி. புருஷன் 1939ல பர்மாவுக்குப் போனான், மூணு வருஷக் கணக்கு, அப்போ வட்டிக்கடை ஆளுங்களுக்கு வழக்கமா அதுதான் தவணை, பொண்டாட்டி ஊர்ல இருப்பா. போன பிறகு பொறந்த பையன் முத்துவுக்கு இப்போ மூணு வயசு. ரங்கூன் விழுந்ததும் தபால் நின்னுடுச்சு. அவ சுமங்கலியா விதவையா யாருக்கும் தெரியாது, தினமும் மாமியார் அவ நெத்தியைத்தான் முதல்ல பார்க்குது. சட்டமும் பெருசா ஒதவாது: 1872 சாட்சியச் சட்டப்படி ஒருத்தரைப் பத்தி ஏழு வருஷம் தகவலே இல்லைன்னாத்தான், அவர் உசுரோட இருக்கார்னு சொல்றவங்க நிரூபிக்கணும்னு வரும். ஏழு வருஷம்! உங்க ப்ளாட்டுக்கு சட்டமே கடிகாரம் வச்சுக் குடுத்துடுச்சு, 1949 வரைக்கும் இழுக்கலாம்.

அவ நம்புறது என்ன? காத்திருக்கிறதுதான் என் வேலை, எனக்குன்னு ஏதாவது ஆசைப்பட்டா அவரைக் கொன்னதுக்கு சமம். உடம்புல? புதுச்சீலை கட்ட மாட்டா, யார் வீட்டு வாசல்லயும் சத்தமா சிரிக்க மாட்டா.

சாதியை மட்டும் தாண்டிப் போயிடாதீங்க. அறுத்துக் கட்டுற வழக்கம், அதாவது மறுமணம் உள்ள சமூகமா, அந்தப் பேச்சையே எடுக்க முடியாத வீடாங்கறது கதையையே மாத்திடும். சுயமரியாதைக் கல்யாணம் 1928லயே ஆரம்பிச்சிருச்சுன்னாலும் சட்டத்துல ஏத்துக்கிட்டது 1967ல அண்ணா ஆட்சியிலதான், அதனால உங்க ஜோடி 1949ல ஐயர் இல்லாம மாலை மாத்தினா கோர்ட்டுல அது செல்லுமாங்கற பயம் அவங்களுக்கு இருக்கணும்.

படி 4: சந்திப்பு

சுருக்கமா சொல்லிடறேன். மோதல், முறைப்பு எல்லாம் வேணாம். மாணிக்கம் ஊர் வந்து சேர்ந்ததும் தெருப் பொம்பளைங்க மொத்தமும் வந்து "எங்க வீட்டுக்காரரைப் பார்த்தீகளா"ன்னு கேக்குறாங்க, அவன் வாயடைச்சுப் போறான். கேக்காத ஒரே ஆள் மீனாட்சி, ஏன்னா பதில் வந்துடுமோன்னு அவளுக்குப் பயம். அவன் அதைக் கவனிக்கிறான். அவ்வளவுதான் முதல் எபி.

படி 5: ஆறுறதை படிக்கட்டு மாதிரி எழுதுங்க

இதுதான் நாவலோட உடம்பு, நிதானமா படிங்க. காதல் வந்துச்சு, காயம் ஆறிடுச்சுன்னு இருந்தா அது ரெண்டு பக்கக் கதை. உண்மையில காதல் வந்ததும் காயம் மொதல்ல கூடும். அவனுக்கு ஒருத்தி மேல பிரியம் வந்த அன்னைக்கே "இவளும் போயிடுவா"ன்னு பயம் வரும், விலகுவான். அவளுக்கு அவன் வர்ற வழியைப் பார்க்கத் தோணின அன்னைக்கே குத்த உணர்ச்சி, ரெண்டு நாள் கதவைத் திறக்க மாட்டா. இந்த முன்ன பின்ன ஆட்டத்துலதான் உங்களுக்கு முப்பது எபி இருக்கு.

ஒவ்வொரு படியிலும், போன படியில செய்ய முடியாத ஒண்ணை அவங்க செய்யணும். மாணிக்கத்துக்கு நான் போடற வரிசை: மொதல்ல அவ குடுத்த மோரை வாங்கிக் கீழ வச்சுடுறான். அப்புறம் முத்து குடிச்ச பிறகு குடிக்கிறான். அப்புறம் ஒரு ராத்திரி குடத்தை ரொப்பாம தூங்கிப் போயிடுறான், காலையில எந்திரிச்சு பதறுறான். அப்புறம் மீனாட்சிகிட்ட மரத்தடி விஷயத்தைச் சொல்றான். கடைசியாத்தான் ஆத்தாகிட்ட போய் தான் சொன்னது பொய்னு ஒத்துக்கறான். மீனாட்சிகிட்ட சொன்னதோட நிறுத்திடாதீங்க, பல பேர் அங்க முடிச்சுடுறாங்க. யாருக்குப் பயந்து மறைச்சானோ அவங்ககிட்ட சொல்லணும், அவன் மனசுப் பாரம் இறங்கறது அங்கதான், அதுக்கான தைரியம் மட்டும்தான் காதல்ல இருந்து வருது.

தொடறது பத்தி ஒரு வார்த்தை. 1942ல, அந்த ஊர்ல, இவங்க ரெண்டு பேரும் தனியா ஒரு ரூம்ல நின்னு பேசவே முடியாது. திண்ணை, முற்றம், கிணத்தடி, கோயில் பிரகாரம், இவ்வளவுதான் உங்க செட். இது இடைஞ்சல்னு நினைக்காதீங்க, எல்லாப் பேச்சும் குழந்தை வழியாப் போகும், அதுல இருக்கற சுகம் நேர்ப்பேச்சுல வராது. இந்த மாதிரி:

"முத்து, மாமா ஏன் இன்னைக்கு சாப்பிடலைன்னு கேளு."

"அம்மா கேக்குது."

"பசிக்கலைன்னு சொல்லுடா."

"நேத்தும் பசிக்கலையாமே, அதையும் கேளு."

மாணிக்கம் பதில் சொல்லாம பையனோட சட்டைப் பித்தானைப் போட்டு விட்டான்.

இங்க "அவள் குரலில் அக்கறை வழிந்தது"ன்னு ஒரு வரி சேர்க்க கை அரிக்கும். சேர்க்காதீங்க.

நடுவுல காயத்தைக் கிளற ஒரு பெரிய சம்பவம் வேணும், அதையும் சரித்திரமே தருது. 1942 ஆகஸ்ட் போராட்டம், அதான் வெள்ளையனே வெளியேறு போராட்டம், அந்தப் பக்கம் ரொம்ப உக்கிரமா நடந்துச்சு, தேவகோட்டையில கோர்ட்டு எரிஞ்சுது, துப்பாக்கிச்சூடு நடந்துச்சு, திருவாடானை ஜெயிலை மக்களே உடைச்சாங்க. சந்தைக்கு முத்துவைக் கூட்டிட்டுப் போன மாணிக்கம் கூட்டத்துல மாட்டுறான், வெடிச்சத்தம், எல்லாரும் ஓடுறாங்க, கையில ஒரு சின்னப் பையன். இந்தத் தடவை கையை விடுவானா? எழுதுங்க, எனக்கே எழுதணும் போல இருக்கு.

படி 6: பொருள் பண்டம் சரி பாருங்க

காசு: ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 தம்பிடி. நயா பைசா 1957லதான் வந்துச்சு. ஓட்டைக் காலணா ரொம்ப அழகான பொருள்தான், ஆனா 1943லதான் அடிச்சாங்க, அதுக்கு முந்தின சீன்ல ஹீரோயின் அதை முந்தானையில முடிஞ்சா ஒரு வாசகர் கண்டிப்பா கமெண்ட் போடுவார். கிலோ, லிட்டர், கிலோமீட்டர் கிடையாது, படி, வீசை, மைல். பிளாஸ்டிக் குடம் கிடையாது, பித்தளையும் மண்ணும்தான். ரேடியோ வேணும்னா திருச்சி நிலையம் 1939ல வந்துடுச்சு, ஆனா ஊருக்கு ஒரு பெட்டி இருந்தாலே பெருசு. பர்மா அரிசி நின்னு போனதால சோத்துக்குத் தட்டுப்பாடு, மண்ணெண்ணெய்க்கும்தான், அதனால உங்க ஜோடி ராத்திரி பூரா விளக்கைக் கொளுத்தி வச்சு கடுதாசி எழுத முடியாது. பர்மான்னதும் அத்தோ நூடுல்ஸ், சென்னை பர்மா பஜார்னு எழுதிடாதீங்க, அதெல்லாம் 60கள்ல திரும்பி வந்தவங்களோட கதை, பஜாரே 1969லதான்.

இதையெல்லாம் எங்க தேடறது? தரமணி ரோஜா முத்தையா நூலகத்துல பழைய பத்திரிகைகள் இருக்கு, எழும்பூர்ல கன்னிமாரா இருக்கு, ஊர்ல இருந்தே பார்க்கணும்னா அரசோட தமிழ் இணையக் கல்விக்கழக மின்நூலகம். செய்தியை விட விளம்பரத்தைப் படிங்க. எந்த சோப்பு, எந்த தைலம், என்ன விலைன்னு அதுலதான் கிடைக்கும். கிடைச்சதுல பத்துல ஒண்ணைத்தான் கதையில போடணும், மிச்சம் உங்க நோட்டுலயே இருக்கட்டும்.

படி 7: எந்த வரிசையில சொல்றது

ரங்கூன் குண்டுவீச்சுல கதையை ஆரம்பிக்க ஆசையா இருக்கும். பிரதிலிபி மாதிரி ஆன்லைன் கதைத் தளத்துல முதல் எபிக்கு வியூஸும் வரும், ஆனா காயம் எப்படி வந்துச்சுன்னு மொதல்லயே தெரிஞ்சுட்டா ராத்திரி குடம் ரொப்பறவனை யாரும் வியப்பா பார்க்க மாட்டாங்க. அவன் ஊருக்குள்ள வந்து இறங்கறதுல ஆரம்பிங்க. பழைய கதையை ஒரே ஃப்ளாஷ்பேக்கா கொட்டாம துணுக்கு துணுக்கா விடுங்க, ஒரு எபியில மலை, இன்னொண்ணுல மாட்டுவண்டிக்காரன் கேட்ட கூலி, இன்னொண்ணுல வெறும் மரம். மீனாட்சி புருஷன் பத்தின சேதி உலகப்போர் முடிஞ்சு தபால் திரும்ப வந்த பிறகு வரட்டும், அதுக்கு முன்னாடி அவங்க ரெண்டு பேரும் ஒரு முடிவு எடுத்திருக்கணும், இல்லைன்னா சாவு வந்து அவங்களுக்கு வழி விட்ட மாதிரி ஆயிடும். தம்பியோட பேரை மட்டும் பாதி நாவல் தாண்டற வரைக்கும் சொல்லாதீங்க, மொதல் தடவை அதை மாணிக்கம் வாயாலயே, மீனாட்சிகிட்ட சொல்ல விடுங்க.