‘அமைச்சரவை ஒப்புதல்’ என்ற செய்தியை எப்படிப் படிப்பது?

‘அமைச்சரவை ஒப்புதல் அளித்தது’ என்று தலைப்பைப் பார்த்ததும் சட்டமே வந்துவிட்டது என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். முதலில், ஒப்புதல் எதற்கு என்று பாருங்கள். மசோதாவுக்கு என்றால் அது இனிமேல்தான் நாடாளுமன்றத்துக்குப் போகும், அங்கே திருத்தலாம், கிடப்பிலும் போடலாம். இந்தியாவில் மூன்று வேளாண் சட்டங்களைத் திரும்பப் பெற்றபோது, 2021 நவம்பர் 19-ல் பிரதமர் அறிவித்தார், 24-ல் அமைச்சரவை ஒப்புக்கொண்டது, 29-ல்தான் இரு அவைகளும் மசோதாவை நிறைவேற்றின. அதற்கும் பிறகு குடியரசுத் தலைவர் கையெழுத்து. இருக்கிற சட்டத்துக்குள் எடுக்கும் நிர்வாக முடிவுக்கு இவ்வளவு படிகள் கிடையாது.

அடுத்து, அந்த நாட்டில் அமைச்சரவைக்கு எவ்வளவு பலம் என்று பாருங்கள். அமெரிக்காவில் அது அதிபருக்கு ஆலோசனை சொல்லும் குழுதான், எல்லாரும் வேண்டாம் என்றாலும் அதிபர் தன் முடிவை எடுக்கலாம். பிரிட்டன், இந்தியா போன்ற நாடுகளில் கூட்டுப் பொறுப்பு உண்டு: உள்ளே எவ்வளவு சண்டை போட்டாலும் வெளியே ஒரே குரல், அது முடியாதவர் விலக வேண்டும். ஈராக் போரை ஏற்க முடியாமல் 2003 மார்ச்சில் பிரிட்டன் அமைச்சரவையிலிருந்து ராபின் குக் விலகியது அப்படித்தான். அதனால் ‘எனக்கு அதில் உடன்பாடில்லை’ என்று பதவியில் இருந்துகொண்டே ஓர் அமைச்சர் சொன்னால், அந்தச் செய்தியைச் சும்மா தாண்டிப் போகாதீர்கள்.

சரி, கடைசியாக ஒன்று, எனக்கு இதுதான் ரொம்ப முக்கியம். கூட்டம் எப்போது நடந்தது? 1975 ஜூன் 25 இரவு இந்தியாவில் நெருக்கடி நிலைப் பிரகடனத்தில் குடியரசுத் தலைவர் கையெழுத்திட்டபோது அமைச்சரவை கூடியிருக்கவே இல்லை. மறுநாள் காலையில்தான் அமைச்சர்களைக் கூட்டிச் சொன்னார்கள். அத்தனை பேரின் உரிமைகளைத் தொடும் ஒரு முடிவு, மேசையைச் சுற்றி உட்கார்ந்து யாரும் ஒரு கேள்விகூடக் கேட்காமலே நடந்து முடிந்திருந்தது. அதனால்தான் 1978-ல் அரசியலமைப்பின் 44-வது திருத்தம், அமைச்சரவையின் முடிவு எழுத்தில் வந்தால்தான் குடியரசுத் தலைவர் நெருக்கடி நிலையைப் பிரகடனம் செய்யலாம் என்று விதித்தது. ஆகவே செய்தியில் ‘பின்னேற்பு’, அதாவது முடிவு நடைமுறைக்கு வந்த பிறகு தரும் ஒப்புதல், என்ற சொல் கண்ணில் பட்டால் நிறுத்தி, முடிவு எந்தத் தேதியில் நடைமுறைக்கு வந்தது, கூட்டம் எந்தத் தேதியில் நடந்தது என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.