“நிவாரணத்துக்கு எதிராக வாக்களித்தவர்” என்று ஒரு படம் வந்தால், திட்டுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

டித்வா புயலுக்குப் பிறகு மாவிலாறு அணைக்கட்டு உடைந்து, மூதூர், வெருகல் பக்கம் சனம் இன்னும் பாடசாலைகளில் தங்கியிருந்த நாட்களில்தான் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கு அந்தப் படம் வந்தது. ஒரு அமெரிக்க அரசியல்வாதியின் முகம், கீழே சிவப்பு எழுத்தில் “புயல் நிவாரணத்துக்கு எதிராக வாக்களித்தவர்”. அனுப்பியது நியூஜேர்சியில் இருக்கும் மச்சான். பத்து நிமிஷத்துக்குள் பெரியம்மா உட்பட எல்லாரும் அந்த மனிசனைத் திட்டித் தீர்த்துவிட்டார்கள். நானும் ஒரு வரி எழுதினேன், அப்புறம் அழித்துவிட்டேன். அந்த ஆள் எதற்கு “இல்லை” சொன்னார் என்று எங்கள் வீட்டில் ஒருத்தருக்கும் தெரியாதே.

தேடிப் பார்க்க ஒரு பின்னேரம் போதும். எப்படி என்று சொல்கிறேன்.

முதலில் தேதியும் சட்டமூலத்தின் இலக்கமும் வேண்டும். இவை இரண்டும் இல்லாத படத்தை நம்ப வேண்டாம். அமெரிக்கக் கொங்கிரஸின் இணையத்தளத்தில் ஒவ்வொரு சட்டமூலத்தின் முழு வாசகமும் கிடக்கிறது, யார் ஆம், யார் இல்லை என்ற பெயர்ப்பட்டியலும் இரு சபைகளின் (பிரதிநிதிகள் சபை, செனட்) தளங்களிலும் உண்டு, காசும் கேட்க மாட்டார்கள்.

இலக்கம் கிடைத்ததும், நிவாரணத்தோடு வேறென்ன கட்டி அனுப்பினார்கள் என்று பாருங்கள். 2021இல் பால்மாத் தட்டுப்பாடு வந்தபோது எங்கள் பக்கத்துக் கடையில் பால்மா வேண்டுமென்றால் இன்னொரு சாமானும் எடுக்க வேண்டும் என்று நின்றார்களே, அதே வேலைதான். 2017 செப்டெம்பரில் ஹார்வி சூறாவளிக்காக 15.25 பில்லியன் டொலர் ஒதுக்கிய சட்டமூலத்திலேயே அரசு எவ்வளவு கடன் வாங்கலாம் என்ற கடன் எல்லையைத் தற்காலிகமாக நிறுத்திவைப்பதையும், டிசம்பர் 8 வரை அரசாங்கத்தை ஓட்டுவதற்கான பணத்தையும் சேர்த்துவிட்டார்கள். பிரதிநிதிகள் சபையில் 316க்கு 90 என்று நிறைவேறியது. அந்தத் தொண்ணூறில் நாலு பேர் டெக்சாஸ்காரர், அதாவது ஹார்வி புரட்டிப்போட்ட அதே மாநிலத்துக்காரர். தன் மாநிலத்துச் சனத்துக்கு வரும் காசையா ஒருவன் வேண்டாம் என்பான்? அவர்கள் மறுத்தது நிவாரணத்தை அல்ல, அதோடு கட்டி அனுப்பியதை. ஆனால் மற்றப் பக்கத்தையும் சொல்ல வேண்டும்: இப்படிக் கட்டுகிறவர்கள் தெரியாமல் கட்டுவதில்லை. வெள்ளத்தில் நிற்கிற சனத்தைக் காட்டினால் யாரும் “இல்லை” சொல்லக் கூசுவார்கள் என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

அடுத்தது, எந்த வடிவம் என்பது. இங்கேதான் படித்தவர்களே சறுக்குகிறார்கள். 2012 ஒக்டோபர் கடைசியில் சாண்டி சூறாவளி நியூயோர்க், நியூஜேர்சியை அடித்தது. அந்த டிசம்பரில் செனட் போட்ட 60.4 பில்லியன் டொலர் வரைவில் அலாஸ்காவின் மீன்பிடித் தொழிலுக்கும் உதவி இருந்தது. சாண்டிக்கும் அலாஸ்கா மீனுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால் நியாயம்தான். ஆனால் 2013 ஜனவரியில் பிரதிநிதிகள் சபை வாக்களித்த வடிவத்தில் அந்த அலாஸ்கா மீன் இல்லை. ஆக, ஜனவரி வாக்குக்கு டிசம்பர் மீனைக் காரணம் காட்டுகிறவர் ஒன்றில் வாசிக்கவில்லை, அல்லது நீங்கள் வாசிக்க மாட்டீர்கள் என்று நம்புகிறார்.

பிறகு, கடைசி வாக்கெடுப்புக்கு முன் வந்த திருத்தங்களைத் தேடுங்கள். என்னைக் கேட்டால் உண்மையான காரணம் பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும். சாண்டிச் சட்டமூலத்துக்கு மிக் மல்வேனி என்ற தென் கரோலினா உறுப்பினர் ஒரு திருத்தம் கொண்டுவந்தார்: நிவாரணத்தில் 17 பில்லியன் டொலரை ஈடுகட்ட, மற்றச் செலவுகளில் பரவலாக 1.63 வீதம் வெட்ட வேண்டும். 162க்கு 258 என்று தோற்றது. விஷயம் என்னவென்றால், 2011இல் அங்கே செலவுக்கு ஒரு உச்சவரம்புச் சட்டம் வந்தது, “அவசரம்” என்று பெயர் வைத்த செலவு அந்த வரம்புக்குள் அடங்காது. அதனால் எதையும் அவசரம் என்று எழுதிவிடலாம் என்பது இவர்களின் முறைப்பாடு, வெறும் சாட்டு என்று தள்ளிவிட முடியாது. சரி, அப்படியென்றால் 2005இல் கத்ரீனாவுக்கு 51.8 பில்லியன் கேட்டபோது அதே சபையில் எதிர்த்தவர்கள் வெறும் 11 பேராகவும், செனட்டில் ஒருவருமே இல்லாமலும் இருந்தது எப்படி? ஏழெட்டு வருஷத்தில் சாண்டிக்கு 241க்கு 180. இடையில் 2010 தேர்தலில் கடனைக் குறைப்போம் என்று சொல்லி ஒரு கூட்டமே குடியரசுக் கட்சியில் வென்று வந்திருந்தது.

இன்னொரு காரணமும் உண்டு, அதற்கு அமெரிக்கா வரை போகத் தேவையில்லை. 2004 சுனாமிக்குப் பிறகு வந்த பொதுக்கட்டமைப்பு ஞாபகமிருக்கிறதா? திருகோணமலை உட்பட ஆறு மாவட்டங்களின் கரையோரத்துக்கு உதவியைப் பங்கிட அரசும் புலிகளும் சேர்ந்து ஒரு அமைப்பு. அதை எதிர்த்து ஜே.வி.பி. 2005 ஜூன் நடுவில் அரசாங்கத்தை விட்டே வெளியேறியது, ஜூன் 24 கையெழுத்தானது, ஜூலையில் உயர் நீதிமன்றம் அதன் முக்கிய பகுதிகளை இடைநிறுத்தியது. சுனாமி அடித்தவனுக்குக் கொடுக்காதே என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, யாருடைய கையால் கொடுப்பது என்பதுதான் சண்டை. கூடாரத்தில் இருந்தவனுக்கு இரண்டும் ஒன்றுதான், அது வேறு கதை.

செனட்டில் மட்டும் ஒரு சின்ன விதிவிலக்கு: பெரும்பான்மைத் தலைவர் தன் சட்டமூலம் தோற்கப்போகிறது என்று கண்டால், அதைத் திரும்பக் கொண்டுவரும் உரிமைக்காகத் தானே “இல்லை” பக்கம் மாறி வாக்களிப்பார். அதையும் படம் போட்டுவிடுவார்கள்.

இவ்வளவும் பார்த்த பிறகு வரைபடத்தை எடுங்கள். அழிவு எங்கே, அவர் தொகுதி எங்கே, அவர் ஊருக்கு முறை வந்தபோது என்ன செய்தார்? டெக்சாஸின் டெட் குரூஸ் 2013இல் சாண்டி நிதியை எதிர்த்தார். 2017இல் ஹார்வி வந்து தன் மாநிலத்துக்கு உதவி கேட்கவேண்டி வந்தபோது, சாண்டிப் பணத்தில் மூன்றில் இரண்டு பங்குக்குச் சாண்டியோடு சம்பந்தமே இல்லை என்றார். அது சரியில்லை என்று அங்குள்ள பத்திரிகைகள் கணக்குப் போட்டுக் காட்டின. மல்வேனியோ அதே 2017இல் வெள்ளை மாளிகையின் வரவுசெலவுப் பொறுப்பாளராக இருந்தார், ஹார்விக்கு முதல் தவணை நிதி கேட்டுக் கொங்கிரஸுக்குக் கடிதம் அனுப்பியதே அவர்தான்!

நம்முடைய பாராளுமன்றத்துக்கு வந்தால் வேலை கொஞ்சம் கஷ்டம். குறைநிரப்பு மதிப்பீடுகள், அதாவது வரவுசெலவுத் திட்டத்துக்கு மேல் அரசு கேட்கும் நிதி, பல தடவை வாக்கெடுப்பு இல்லாமலே நிறைவேறும், குரலால் ஆம் இல்லை என்று சொன்னதோடு முடிந்துவிடும், பெயர் பதியாது. யாராவது எழுந்து பிரிவு வாக்கெடுப்பு கேட்டால்தான் ஹன்சார்ட் என்ற பாராளுமன்றப் பதிவேட்டில் பெயர்கள் வரும். ஆகவே திருகோணமலையின் நாலு உறுப்பினர்களில் ஒருவர் “எதிர்த்தார்” என்று ஒரு படம் வந்தால், வாக்கெடுப்பு நடந்ததா என்பதை முதலில் கேளுங்கள்.

சரி, மச்சான் அனுப்பிய படம். அதில் இருந்தது ரொன் டிசாண்டிஸ், அப்போது புளோரிடாவிலிருந்து பிரதிநிதிகள் சபைக்குப் புதிதாக வந்தவர். தேதி 2013 ஜனவரி 4, அவர் சத்தியப்பிரமாணம் செய்த அடுத்த நாள். அது பெரிய சாண்டிச் சட்டமூலம் இல்லை, அதற்கு முன் வந்த சின்னது: ஏற்கெனவே தவணை கட்டியிருந்த வெள்ளக் காப்புறுதிக்காரருக்குப் பணம் கொடுக்க, காப்புறுதித் திட்டம் மேலதிகமாக 9.7 பில்லியன் டொலர் கடன் எடுக்கலாம் என்பது. அலாஸ்கா மீனும் இல்லை, கடன் எல்லையும் இல்லை. 354க்கு 67 என்று நிறைவேறியது. பாதிக்கப்பட்டவர்கள் மேல் அனுதாபம் உண்டு, ஆனால் எல்லாவற்றையும் கடன் அட்டையில் போடும் பழக்கம் கூடாது என்றார் அவர். 2022இல் இயன் சூறாவளி புளோரிடாவை அடித்தபோது ஆளுநராக மத்திய அரசிடம் உதவி கேட்டவரும் அவரே.

இதையெல்லாம் தட்டச்சு செய்து குழுவில் போட்டேன். நீளம் பார்த்து யாரும் வாசிக்கவில்லை என்றுதான் நினைத்தேன். இரவு பெரியம்மாவிடமிருந்து ஒரு குரல் பதிவு வந்தது: “அப்ப நான் ஏசினது சரிதானே தம்பி?”